தீப்பொறி தேடாத எந்திரம்

கோலார் மாவட்டத்துச் சந்தைகளுக்கு விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் சிறு சரக்கு வண்டிகளைத் தங்கவயல் மாணவர் அனைவரும் அறிவர். தமிழ் மக்கள் அவ்வண்டிக்குக் குட்டியானை என்று செல்லப்பெயர் வைத்திருக்கின்றனர். மார்கழிக் குளிரில் அதன் ஓட்டுநர் சாவியைத் திருப்பிய உடனே வண்டியைக் கிளப்பிவிடுவதில்லை. பல வண்டிகளில் முகப்புப் பலகையில் கம்பிச்சுருள் வடிவில் ஒரு சிறு விளக்கு எரியும். அது அணையும்வரை சில நொடிகள் அவர் காத்திருப்பார். பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர் புதிதாக ஒரு டீசல் வண்டி வாங்கினால் முதல்நாள் காலையில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே. அந்தச் சில நொடிகள் எதற்காக என்பதை அறிய வேண்டுமானால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை அறிய வேண்டும். டீசல் என்பது இன்று ஓர் எண்ணெயின் பெயராகவே வழங்குகிறது. உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பிரான்சின் தலைநகரான பாரிஸில் பிறந்தார். ஆயினும் அவருடைய பெற்றோர் பிரெஞ்சுக்காரர் அல்லர். தந்தை தியோடர், ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான பவேரியாவின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர். புத்தகம் கட்டும் தொழிலைக் கற்ற அவர் பாரிஸில் ஒரு சிறு பட்டறை வைத்துத் தோல் பொருள்கள் செய்து விற்றார். தாய் எலிஸ் நூரம்பர்க் நகரத்தவர். வீட்டில் ஜெர்மன், தெருவில் பிரெஞ்சு என்று இரு மொழிகளுக்கு இடையே ருடால்ஃப் வளர்ந்தார். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும் பேசும் பிள்ளைகளுக்கு அவ்வாழ்க்கையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. பட்டறையில் செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளரின் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவர் ருடால்ஃபின் வேலை. சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டியோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உறவு அதுவே எனலாம்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவர் பாரிஸின் தொழிற்கலை அருங்காட்சியகத்திற்குச் செல்வார். பீரங்கிகளை இழுப்பதற்காகக் குயூனோ என்னும் படைப் பொறியாளர் 1770ஆம் ஆண்டளவில் செய்த மூன்று சக்கர நீராவி வண்டி அங்கே இருந்தது. அதன் முன்னே நின்று அவர் படங்கள் வரைவார். படிப்பிலும் அவர் சிறந்து விளங்கினார். பன்னிரண்டு வயதில் அவருக்கு ஒரு வெண்கலப் பதக்கம் பரிசாகக் கிடைத்தது.

அதே ஆண்டில் அவ்வாழ்க்கை குலைந்தது. 1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர் அனைவரும் நகரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ருடால்ஃப் பாரிஸிலேயே பிறந்தவர். அந்நகரத்துப் பிள்ளைகளோடு அம்மொழியையே பேசி விளையாடியவர். இவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. பட்டறையை விட்டுவிட்டு அக்குடும்பம் இலண்டனுக்குச் சென்று வறுமையில் உழன்றது. எல்லாரையும் காப்பாற்ற இயலாத நிலையில், பெற்றோர் பன்னிரண்டு வயது மகனை ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டிற்கு அனுப்பினர். போர் நடந்துகொண்டிருந்த நாள்களில் அச்சிறுவர் கடலையும் பல ஊர்களையும் கடந்து, தாம் இதற்குமுன் வாழ்ந்தறியாத சொந்த ஊருக்குச் சென்று சேர்ந்தார்.

அங்கே அவரை வளர்த்த பார்னிக்கல் என்பவர் தொழிற்பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர். அப்பள்ளியிலேயே ருடால்ஃப் சேர்ந்தார். எந்திரவியல் கற்கப் போவதாகப் பதினான்காம் வயதிலேயே பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு சிறு கருவி அவர் மனத்தில் பதிந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அது கண்ணாடிக் குழாயும் அதனுள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டும் கொண்டது. குழாயின் அடியில் சிறிது பஞ்சை வைத்துத் தண்டை வேகமாக அழுத்தினால், உள்ளே சிக்கிய காற்றுச் சூடேறிப் பஞ்சு தீப்பற்றும். தீக்குச்சியும் இல்லை, தீப்பொறியும் இல்லை. நெருக்கப்பட்ட காற்றே நெருப்பை உண்டாக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர் இதனை ஓரளவு உணர்ந்திருப்பர்.

பெற்றோர் மகன் விரைவில் வேலைக்குச் சென்று பொருளீட்ட வேண்டும் என விரும்பினர். மகனோ கல்வி உதவித்தொகை பெற்று 1875ஆம் ஆண்டு மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். குளிரூட்டும் எந்திரங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற கார்ல் ஃபான் லிண்டே அங்கே அவருடைய ஆசிரியர். ஒரு நாள் வகுப்பில் லிண்டே நீராவி எந்திரத்தின் குறையைக் கணக்கிட்டுக் காட்டினார். நீராவி எந்திரம் தனக்கு இடப்படும் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றில் பத்துப் பங்கைக்கூட முழுமையாக வேலையாக மாற்றுவதில்லை. எஞ்சிய அனைத்தும் வீணாகிறது. இதற்கு மாற்றுக் காண வேண்டும் என்ற எண்ணம் அன்றே மாணவர் டீசலின் குறிப்பேட்டில் இடம்பெற்றது. அக்குறிப்பே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று. நச்சுக்காய்ச்சலால் தேர்வு தள்ளிப்போன போதிலும், 1880ஆம் ஆண்டு சனவரியில் மிகச் சிறந்த மதிப்பெண்களோடு அவர் பட்டம் பெற்றார்.

அதே 1880ஆம் ஆண்டில்தான் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் தங்கச் சுரங்கப் பணியை ஏற்றனர். வடார்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் தங்கவயலை நோக்கிப் புறப்பட்ட காலமும் அதனை ஒட்டியதே. சுரங்கத்தில் இறைத்து வெளியேற்ற வேண்டிய நீருக்கும், மேலே தூக்க வேண்டிய பாறைக்கும், பொடியாக்க வேண்டிய கல்லுக்கும் அன்று நீராவியே துணை. கொதிகலன்கள் விறகையும் நிலக்கரியையும் விழுங்கின. வண்டி வண்டியாக வந்த விறகில் பத்தில் ஒன்பது பங்கு புகைபோக்கி வழியே வானத்திற்குச் சென்றதென்றால், லிண்டேயின் கணக்குத் தங்கவயலுக்கும் பொருந்திய கணக்கேயாகும். 1902ஆம் ஆண்டு சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்த பின்னரே இந்நிலை மாறியது.

டீசல் எரிபொருளைப் பற்றி மட்டும் சிந்திக்கவில்லை. நீராவி எந்திரம் பெரியது, விலை மிகுந்தது, கொதிகலனுக்கு ஆளும் இடமும் வேண்டும். அதனைப் பெரிய ஆலை முதலாளிகளே வாங்க முடிந்தது. தையற்காரர், தச்சர், நெசவாளர், புத்தகம் கட்டுவோர் போன்ற சிறு தொழிலாளர் அவ்வாலைகளோடு போட்டியிட இயலாமல் நலிந்தனர். சிறிய பட்டறையிலும் வைத்துக்கொள்ளத்தக்க, சிக்கனமான எந்திரம் ஒன்று கிடைத்தால் அவர்கள் தம் தொழிலைத் தாமே நடத்தி வாழ்வர் என்று டீசல் நம்பினார். தோல் பட்டறைத் தொழிலாளியின் மகனுக்கு இந்நம்பிக்கை ஏட்டறிவால் மட்டும் வந்திருக்க முடியாது.

பட்டம் பெற்றபின் அவர் பாரிஸுக்குத் திரும்பி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பணியாற்றினார். 1883ஆம் ஆண்டு மார்த்தா என்பவரை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். பகலில் தொழிற்சாலை வேலை, எஞ்சிய நேரத்தில் எந்திர ஆராய்ச்சி எனப் பத்தாண்டுகள் கழிந்தன. நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியைப் பயன்படுத்திப் பார்த்த முயற்சி பயன் தரவில்லை. இறுதியில் அவர் கண்ட வழி எளியது. உருளையினுள் காற்றை மட்டும் நிரப்பிக் கடுமையாக நெருக்க வேண்டும். காற்று நெருப்புபோல் சூடேறிய அந்நொடியில் எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளே தெளிக்க வேண்டும். எண்ணெய் தானே பற்றி எரிந்து உந்துதண்டைத் தள்ளும். இவ்வழிக்கு 1893ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்கு ஜெர்மானியக் காப்புரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டவில்லை.

குட்டியானை ஓட்டுநரின் காத்திருப்புக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் எந்திரத்தில் ஸ்பார்க் பிளக் எனப்படும் பொறிச்செருகி தீப்பொறியை உண்டாக்கி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எந்திரத்தில் அது கிடையாது. காற்றின் சூடே தீக்குச்சி. குளிர்ந்த காலையில் எந்திரத்தின் இரும்பு சில்லென்று இருப்பதால் காற்றின் சூட்டை அது உறிஞ்சிவிடும். எனவே ஹீட்டர் பிளக் என்று மெக்கானிக்குகள் கூறும் சிறு கம்பி மின்சாரத்தால் சிவக்கக் காய்ந்து, தொடக்கத்தில் மட்டும் உதவுகிறது. எந்திரம் ஓடிச் சூடேறிய பின் அதற்கு வேலையில்லை.

காப்புரிமையைத் தாளில் பெறுவது வேறு. எந்திரத்தை இரும்பில் செய்வது வேறு. ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் ஃபான் பூட்ஸ் அவருக்கு இடமளித்தார். குரூப் நிறுவனமும் பொருளுதவி செய்தது. 1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் சோதனை நடைபெற்றது. எரிபொருள் உள்ளே சென்றதும் பேரொலியுடன் வெடித்தது. அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. அருகில் நின்றோர் உயிர் தப்பியதே பெரிது. ஆனால் டீசல் மகிழ்ந்தார். தீப்பொறி இன்றி எண்ணெய் பற்றும் என்பது உறுதியாகிவிட்டது அல்லவா? எந்திரத்தைத் திருத்தி மீண்டும் முயன்றனர். 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அது தன் ஆற்றலால் முதன்முறையாக ஓடியது. ஓடிய நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். அதுவரை எந்திரத்தை வெளியிலிருந்து இழுத்துச் சுழற்றிய தோல்பட்டை தளர்ந்ததைக் கண்ட தொழிலாளி ஒருவர், ஒன்றும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றினாராம்.

அந்த ஒரு நிமிடத்தை ஒரு நாளாக்க மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் எந்திரத்தை முறைப்படி சோதித்தார். விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயில் ஓடிய அவ்வெந்திரம் நிமிடத்திற்கு 154 முறை சுழன்று ஏறத்தாழ 18 குதிரைத்திறன் தந்தது. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. நீராவி எந்திரத்தைக் காட்டிலும் இரண்டு மடங்கிற்கும் மேலான சிக்கனம் இது. அன்று உலகில் வேறெந்த எந்திரமும் இவ்வளவு குறைந்த எரிபொருளில் இவ்வளவு வேலை செய்ததில்லை.

டீசல் வண்டி வைத்திருப்போர் நாள்தோறும் அறியும் செய்திகள் பலவும் அவர் வகுத்த அவ்வழியிலிருந்தே பிறந்தவை. கவனக்குறைவால் டீசல் தொட்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டால் சாவியைத் தொடக்கூடாது; வண்டியைத் தள்ளிச் சென்று தொட்டியைக் காலிசெய்ய வேண்டும். பெட்ரோல் தீப்பொறியால் பற்றுவதற்கு ஏற்றது. சூட்டினால் தானே பற்றுவதற்கு ஏற்றதன்று. அன்றியும், எண்ணெயைத் தெளிக்கும் பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே வழுவழுப்பைத் தருகிறது. பெட்ரோல் சென்றால் அவை உராய்ந்து தேயும். தொட்டி முற்றிலும் வற்றும்வரை ஓட்டுவதும் தவறு. குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், பிறகு டீசல் ஊற்றினாலும் வண்டி எளிதில் கிளம்பாது. எண்ணெயைத் தள்ள வேண்டிய அழுத்தம் காற்றை நெருக்குவதிலேயே வீணாகிவிடும். ஏர் பிடித்துவிட்டது என்று ஓட்டுநர்கள் கூறுவது இதனையே. பனிக்காலத்தில் எண்ணெயோடு கலக்கும் நீர்த்துளிகளை வடிகட்டியின் அடியிலிருந்து அவ்வப்போது திறந்துவிடுவதும் பழகிய ஓட்டுநரின் வழக்கம். கடும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் இவ்வெந்திரம் கனமானது. அதன் ஓசையும் மிகுதி. ஆனால் மெதுவாகச் சுழலும்போதே மிகுந்த இழுவை தரும். பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் முனகாமல் ஏறுவது அதனால்தான்.

சோதனையில் வென்ற டீசலுக்குப் பொருளும் புகழும் குவிந்தன. அமெரிக்காவில் இவ்வெந்திரத்தைச் செய்யும் உரிமைக்காக மட்டும் அடால்ஃபஸ் புஷ் என்னும் செல்வர் பத்து இலட்சம் மார்க் கொடுத்தார். ஆனால் சோதனைக் கூடத்தில் பொறியாளரின் கண்முன் ஓடுவதும், தொழிற்சாலையில் பிறர் கையில் ஓடுவதும் ஒன்றல்ல. விற்ற எந்திரங்கள் அடிக்கடி நின்றன. எண்ணெய் தெளிக்கும் குழாய் அடைபட்டது. வாங்கியோர் குறை கூறினர். ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரால் தொடங்கிய தொழிற்சாலை நிலைக்கவில்லை. ஓய்வின்றி உழைத்த டீசல் 1898ஆம் ஆண்டு உடலும் உள்ளமும் சோர்ந்து மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது. புதிய எந்திரத்தின் குறைகள் பயன்படுத்துவோரின் கையில்தான் வெளிப்படும் என்பது பின்னர்ப் பொறியாளர் உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. அன்று அதன் முழு விலையையும் டீசலே கொடுத்தார். தொழிற்சாலைப் பொறியாளர்கள் பொறுமையுடன் ஒவ்வொரு பாகத்தையும் திருத்தியபின் எந்திரம் நம்பத்தக்கதாயிற்று.

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் எந்திரம் மிக உயர்ந்த பரிசைப் பெற்றது. எந்நகரத்திலிருந்து பன்னிரண்டு வயதில் வெளியேற்றப்பட்டாரோ அந்நகரமே அவரைப் பாராட்டியது. அக்கண்காட்சியில் சிறு எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. கடலைச் செக்கு எண்ணெய் தமிழ்நாட்டுச் சமையலறைக்குப் பழகிய பொருள். அதைக் கொண்டு எந்திரம் ஓடும் என்று அங்கு வந்தோரில் பலர் அறியவே இல்லை. மண்ணெண்ணெய்க்காகச் செய்த எந்திரம் எந்த மாற்றமும் இன்றி அவ்வெண்ணெயில் ஓடியது. தம் இறுதி ஆண்டுகளில் டீசல் இச்செய்தியை விரிவாக எடுத்துரைத்தார். உழவர்கள் தம் நிலத்தில் விளைந்ததைக் கொண்டே எந்திரத்தை இயக்கலாம் என்பது அவர் கருத்து.

1903ஆம் ஆண்டு தொழிலாளர் ஒன்றுகூடித் தாமே தொழில் நடத்தும் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். எந்திரத்தைவிட இந்நூலையே தம் பெரிய சாதனையாக அவர் கருதினார். மக்கள் அதனை வாங்கவில்லை. மிகச் சில படிகளே விற்றன. அவருடைய எந்திரமும் சிறு பட்டறையை விட்டுப் பெரிய இடங்களுக்கே சென்றது. மின் நிலையங்களும் கப்பல்களும் அதனை ஏற்றன. 1912ஆம் ஆண்டு டென்மார்க்கின் செலாண்டியா என்னும் கப்பல் டீசல் எந்திரங்களால் கடல் கடந்தது. சாலை வண்டிக்கு மட்டும் அது பொருந்தவில்லை. எண்ணெயைத் தெளிப்பதற்குத் தனியே ஒரு காற்றழுத்தக் கருவி தேவைப்பட்டதால் எடை மிகுந்தது. 1908ஆம் ஆண்டளவில் சுமை வண்டிக்கேற்ற சிறு எந்திரம் ஒன்றைச் செய்ய டீசல் முயன்றார். அது வெற்றி பெறவில்லை.

வீடு, நிலம், எண்ணெய்க் கிணறு ஆகியவற்றில் இட்ட செல்வமும் வழக்குகளும் அவரைக் கடனில் ஆழ்த்தின. வெளியுலகம் அவரைப் பெருஞ்செல்வர் என்றே எண்ணியிருந்தது. 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்தில் நடைபெறவிருந்த கூட்டம் ஒன்றிற்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். இரவு உணவுக்குப்பின் தம் அறைக்குச் சென்றார். மறுநாள் காலை அவர் கப்பலில் இல்லை. சில நாள்களுக்குப் பின் கடலில் மிதந்த உடலொன்றிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்கள் அவருடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் கண்டார். அன்றிரவு நேர்ந்தது என்ன என்பது இன்றளவும் முடிவு காணப்படாதது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1923, 1924ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் டீசல் சுமை வண்டிகள் சாலைக்கு வந்தன. 1927ஆம் ஆண்டு ராபர்ட் போஷ் நிறுவனம் சிறிய எண்ணெய்ப் பம்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அவை விரைந்து பரவின. 1964ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் தங்கவயல் தொழிற்சாலையில் உருவாகும் மண் தள்ளும் எந்திரங்களும் டீசலின் ஆற்றலால் இயங்குபவையே.

இவ்வெந்திரத்தின் புகை டீசல் எண்ணிப் பாராத ஒரு தீங்கையும் கொண்டுவந்தது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2012ஆம் ஆண்டு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்தது. சுரங்கத் தொழிலாளரிடையே செய்த ஆய்வுகள் அம்முடிவுக்குப் பெரிதும் துணையாயின. 2020ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்கும் புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. நாள்தோறும் ஊருக்குள் மட்டும் சிறு தொலைவு ஓடும் வண்டியில் அது போதிய சூடேறாமல் அடைபடும். விளக்கு எச்சரித்தால், நெடுஞ்சாலையில் சிறிது நேரம் நிறுத்தாமல் ஓட்டிக் கரியை எரித்துவிட வேண்டும். முந்தைய தலைமுறை ஓட்டுநர் அறியாத புதுப் பாடம் இது.

1897ஆம் ஆண்டு சோதனையில் வென்ற எந்திரம் மியூனிக் நகரின் ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஆளுயரத்தை விஞ்சி நிற்கும் இரும்புக் கோபுரம். அதன் ஒற்றை உருளையின் விட்டம் 25 செ.மீ.; உந்துதண்டு ஏறி இறங்கும் நீளம் 40 செ.மீ. 2005ஆம் ஆண்டு குட்டியானை முதன்முதலாகச் சாலைக்கு வந்தபோது அதில் இருந்த இரண்டு உருளை எந்திரம் ஓட்டுநர் இருக்கையின் அடியில் அடங்கிவிட்டது. ஆற்றலோ 16 குதிரைத்திறன். அவ்வண்டியைக் கடன் பெற்று வாங்கித் தக்காளியும் தண்ணீர்க் கேனும் கல்யாண வீட்டுப் பாத்திரமும் ஏற்றுவோரில் பலர், தம் வண்டிக்குத் தாமே முதலாளி, தாமே ஓட்டுநர்.